அழிவு குறித்த ஆங்கிலச் சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கில அகராதியில் 'அழித்தல்' என்னும் ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றும் சொற்கள் இருபதுக்குக் குறையாமல் உள்ளன. டெஸ்ட்ராய், ருயின், வேஸ்ட், டெமாலிஷ், ரேஸ், டெவஸ்டேட், டெசிமேட், அனைஹிலேட், எக்ஸ்டெர்மினேட், ஒப்லிட்டரேட் என அவ்வரிசை நீண்டு செல்லும். மாணவர் இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கொண்டு மனப்பாடம் செய்வர். மொழிபெயர்ப்போரும் விரைவு கருதி இவை அனைத்திற்கும் 'அழித்தல்' என்னும் ஒரு சொல்லையே பெய்து மேற்செல்வர். ஆயின், இச்சொற்களின் பிறப்பை ஆராயப் புகுவோர்க்கு வேறோர் உண்மை புலனாகும். இவற்றுள் பல, ஒரு போரையோ ஒரு சட்டத்தையோ ஒரு தண்டனையையோ தம்முள் பொதிந்து வைத்துள்ளன.

அழிவு எங்கு நேர்ந்தாலும் மூன்று வினாக்கள் எழுதல் இயல்பு. அழித்தவர் யார்? அழிக்கப்பட்டது எது? எவ்வளவு அழிந்தது? ஆங்கிலத்தின் அழிவுச் சொற்கள் தோன்றிய காலத்தில், அவற்றுள் பல இம்மூன்று வினாக்களுள் ஒன்றற்கேனும் தெளிவான விடையைத் தாங்கியிருந்தன. வழக்கில் தேயத் தேய அவ்விடை மங்கியது. அவ்வாறு மங்கியபோது பெரும்பாலும் முதலில் மறைந்தவர் அழித்தவரே. பிற்காலத்தில் உலக நாடுகள் ஒரு பெருங்குற்றத்தைச் சட்டத்தின்முன் நிறுத்த முற்பட்டபோது, அதற்கெனப் புதிய சொல் ஒன்றையே படைக்க வேண்டியதாயிற்று. இவ்வரலாற்றை முறையே எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படையும் பாழ்நிலமும்

ஆங்கிலத்தின் மிகப் பழைய அழிவுச் சொற்களுள் ஒன்று 'ஹேரி' என்பது. இதன் பழைய வடிவம் 'ஹெர்கியன்'. படை எனப் பொருள்படும் 'ஹெரே' என்னும் பழைய ஆங்கிலச் சொல்லடியாகப் பிறந்தது அது. எனவே 'ஹேரி' என்றால், படையெனத் திரண்டு வந்தோர் செய்யும் அழிவு என்பதே பொருள். 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட இனே என்னும் அரசனின் சட்டத் தொகுப்பு இவ்வகையில் வியப்பளிப்பதாகும். ஏழு பேர் வரையுள்ள கூட்டத்தினர் திருடர்; ஏழுக்கு மேல் முப்பத்தைந்து வரை ஒரு கொள்ளைக்கும்பல்; முப்பத்தைந்துக்கு மேற்படின் அது 'ஹெரே' என அச்சட்டம் வரையறுத்தது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பேட்டில் கடல் கடந்து வந்து சூறையாடிய டேனியப் படை பெரும்பாலும் 'ஹெரே' என்றே சுட்டப்படுகின்றது. ஆங்கிலேயரின் சொந்தப் படைக்கோ 'ஃபிர்ட்' என்னும் வேறு பெயர் வழங்கிற்று. அழித்தவர் யார் என்னும் வினாவிற்கு அச்சொல்லே விடை கூறியது.

அக்காலத்து மற்றொரு சொல் 'ஸ்பில்' என்பது. கொல்லுதல், அழித்தல் என்னும் கொடும்பொருளைத் தந்த அச்சொல், பின்னர்க் குருதி சிந்துதலைக் குறித்து, இன்று குவளையிலுள்ள பால் தவறிச் சிந்துவதைக் குறிக்கும் எளிய சொல்லாகத் தேய்ந்துவிட்டது. சொற்கள் தம் கொடுமையை இழத்தல் எத்துணை இயல்பாக நிகழும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். வடநாட்டார் புதிய ஆட்சிக்கு அடங்காது கிளர்ந்தெழுந்தமையால், முதலாம் வில்லியம் 1069-70-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் யார்க்ஷயரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தன் படையை ஏவினான். ஊர்கள் கொளுத்தப்பட்டன. தானியமும் கால்நடையும் உழுபடைக் கருவிகளும் எரியூட்டப்பட்டன. அதனைத் தொடர்ந்து கொடிய பஞ்சம் வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து எழுதிய ஆர்டெரிக் விட்டாலிஸ் என்னும் துறவி, அப்பஞ்சத்தில் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்றார். அவ்வெண்ணிக்கை மிகையெனப் பிற்கால வரலாற்றாசிரியர் கருதுவர். எனினும் அழிவின் கொடுமையை எவரும் மறுத்திலர்.

1086-ஆம் ஆண்டில் வில்லியத்தின் ஆணைப்படி நாட்டின் நிலமும் வருவாயும் கணக்கெடுக்கப்பட்டுத் 'டூம்ஸ்டே ஏடு' எனப் பெயர் பெற்ற பேரேட்டில் பதியப்பட்டன. யார்க்ஷயரின் ஊர் பலவற்றின் பெயருக்குப் பக்கத்தில் 'வாஸ்டா எஸ்ட்' என்னும் இலத்தீன் குறிப்புக் காணப்படுகின்றது. 'பாழாக உள்ளது' என்பது அதன் பொருள். இத்தகைய குறிப்புகள் அனைத்தும் படையின் அழிவையே சுட்டுவன அல்ல, வரி பெற இயலாத நிலத்தையும் அச்சொல் குறித்திருக்கலாம் என்பார் உளர். எவ்வாறாயினும், அக்குறிப்பில் பாழாக்கியவன் பெயர் இல்லை. 'ஹேரி' என்னும் சொல்லில் படை இருந்தது. 'வாஸ்டா' என்னும் சொல்லில் வெற்று நிலம் மட்டுமே எஞ்சியது. ஆங்கில 'வேஸ்ட்', 'டெவஸ்டேட்' ஆகிய இரண்டும், வெறுமை எனப் பொருள்படும் 'வாஸ்டுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தவை. அழித்தவனே கணக்கெழுதுவித்தவனாகவும் அமைந்தபோது, எழுதப்பட்ட சொல் அழித்தவனைச் சுட்டாது நின்றது வியப்பன்று.

கூக்குரலும் சட்டமும்

நார்மானியரின் வருகைக்குப் பின் பிரெஞ்சு மொழியிலிருந்து பல சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. அவற்றுள் பொதுச்சொல்லாக நிலைபெற்றது 'டெஸ்ட்ராய்'. அடுக்குதல், கட்டுதல் எனப் பொருள்படும் 'ஸ்ட்ரூவெரே' என்னும் இலத்தீன் வினையின் எதிர்மறை வடிவம் அதன் வேர். கட்டடத்தைக் குறிக்கும் 'ஸ்ட்ரக்சர்' என்பதும் அதே வேரில் பிறந்தது. ஆகவே 'டெஸ்ட்ராய்' என்றால், கட்டியதைக் கட்டவிழ்த்தல் என்பதே அடிப்படைப் பொருள். ஒருவர் முயன்று கட்டியது முன்னே இருந்தாலன்றி இச்சொல்லுக்கு இடமில்லை.

அக்காலத்தில் புகுந்த 'ஹேவக்' என்னும் சொல்லின் வரலாறு தனிச்சிறப்புடையது. இன்று பெருங்குழப்பத்தைக் குறிக்கும் இச்சொல், தொடக்கத்தில் போர்க்களத்துக் கூக்குரலாக இருந்தது. வெற்றி கிட்டியதும் அக்குரல் எழுப்பப்படின், வீரர்கள் அணிவகுப்பைக் கலைத்துவிட்டுக் கொள்ளையில் இறங்கலாம் என்பது அதன் குறிப்பு. எனவே 'ஹேவக்' தானே நிகழும் அழிவன்று. ஒருவன் வாய்திறந்து இசைவு வழங்கியபின் நிகழும் அழிவு. இதன் பொறுப்பு யாருடையது என்பதில் அக்காலத்தார்க்கு ஐயமில்லை. 1385-ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்துச் சென்றபோது டர்ஹம் நகரில் பிறப்பித்த போர் விதிகள், இக்கூக்குரலை எழுப்பத் தொடங்குவோன் தலையிழப்பான் என எச்சரித்தன. ஒரு சொல்லை உரக்கக் கூறுதலே கொலைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

1599-ஆம் ஆண்டளவில் ஷேக்ஸ்பியர் தம் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் இச்சொல்லைக் கையாண்டபோதும், அது குரலெழுப்பி விடுக்கும் ஆணையாகவே நின்றது. பின்னர், அக்குரலை எழுப்புவோன் மறைந்தான். குழப்பம் மட்டும் தங்கிற்று. இன்று பெருமழை போக்குவரத்தைச் சீர்குலைத்தாலும் ஆங்கில ஏடுகள் 'ஹேவக்' என்றே எழுதும். மழைக்குத் தலையிழக்கும் அச்சமில்லை!

கலைத்தலும் வீழ்தலும்

16-ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னன் ரோமாபுரித் திருச்சபையுடன் உறவை முறித்துக்கொண்டபின், இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் துறவு மடங்களை ஒழிக்க முனைந்தான். 1536-ஆம் ஆண்டுச் சட்டம் சிறிய மடங்களையும், 1539-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய மடங்களையும் மன்னனின் உடைமையாக்க வழிசெய்தன. 1540-க்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட மடங்கள் மூடப்பட்டன. கூரைகளில் வேயப்பட்டிருந்த ஈயத் தகடுகள் உரித்தெடுக்கப்பட்டு உருக்கப்பட்டன. மணிகள் இறக்கப்பட்டன. கல்லும் மரமும் விலைபோயின. கிளாஸ்டன்பரி மடத்தின் தலைவர் ரிச்சர்ட் வைட்டிங் 1539-ஆம் ஆண்டில் அவ்வூர்க் குன்றின்மீது தூக்கிலிடப்பட்டார்.

இத்துணை வன்செயலுக்கும் வரலாற்றில் நிலைத்த பெயர் 'டிஸ்ஸொலூஷன்' என்பதே. கலைத்தல், கரைத்தல் என்பன அதன் பொருள். ஒரு சங்கத்தைக் கலைப்பது போன்ற அமைதியான சட்டச்சொல் அது. எஞ்சி நின்ற கூரையற்ற சுவர்களுக்கோ 'ருயின்' என்னும் பெயர் வழங்கிற்று. விழுதல் எனப் பொருள்படும் 'ரூவெரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது அச்சொல். விழுந்தது எனக் கூறும் சொல், வீழ்த்தியவனைத் தேட வேண்டும் என்னும் எண்ணத்தை எழுப்புவதில்லை. காலத்தாலும் காற்றாலும் மழையாலும் தானே வீழ்ந்தது போன்ற தோற்றத்தை அது தந்துவிடுகின்றது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் விளைந்த மாற்றம் இன்னும் வியப்புக்குரியது. 18-ஆம் நூற்றாண்டுச் செல்வர் இவ்விடிபாடுகளை அழகுப் பொருள்களாகக் கண்டு மகிழத் தலைப்பட்டனர். யார்க்ஷயரிலுள்ள ஃபவுண்டன்ஸ் மடத்தின் இடிபாடு ஒரு செல்வரின் பூங்காவிற்கு அணிகலனாயிற்று. டின்டர்ன் மடத்தின் சிதைந்த சுவர்களை டர்னர் என்னும் ஓவியர் தீட்டினார். இயற்கையான இடிபாடு வாய்க்காத செல்வர் சிலர், தம் தோட்டங்களில் புதிய கற்களைக் கொண்டு பொய்யான இடிபாடுகளைக் கட்டியும் வைத்தனர். வன்செயலின் தடயத்தை அழகெனக் காணும் மனநிலைக்கு, செய்தவனைச் சுட்டாத அச்சொல்லும் துணைநின்றது எனல் பொருந்தும்.

இலத்தீன் தந்த அளவுகோல்கள்

அதே 16-ஆம் நூற்றாண்டிலும் அதனையடுத்த நூற்றாண்டிலும் ஆங்கிலப் புலவர் இலத்தீன் நூல்களில் ஆழ்ந்து தோய்ந்தனர். அப்போது ஆங்கிலத்தில் வேரூன்றிய அழிவுச் சொற்கள் எது அழிந்தது, எவ்வளவு அழிந்தது என்னும் வினாக்களுக்கு நுட்பமாக விடை கூறுவன.

'டெமாலிஷ்' என்பது பெரும்பொருள், பேரளவான கட்டடம் எனப் பொருள்படும் 'மோலெஸ்' என்னும் சொல்லின் வழிப்பட்டது. ஆதலின் கோட்டை, மதில், மாளிகை போன்றவற்றை இடித்தலுக்கே அஃது உரியது. அதற்குச் சற்று முன்னரே பிரெஞ்சு வழியாக வந்திருந்த 'ரேஸ்' என்பதோ, சுரண்டுதல் என்னும் வேரினது. மயிர் மழிக்கும் கத்திக்குரிய 'ரேசர்' என்னும் பெயரும் அவ்வேரின் கிளையே. நிலத்தின்மேல் ஒன்றும் நில்லாதவாறு தரையோடு மழித்துவிடுதலே அச்சொல்லின் பொருள். இடித்த கட்டடத்தில் கற்குவியல் எஞ்சும். மழித்த இடத்தில் அதுவும் எஞ்சாது.

'ஒப்லிட்டரேட்' என்பது எழுத்தைக் குறிக்கும் 'லிட்டெரா' என்னும் சொல்லோடு தொடர்புடையது. எழுதியதன்மேல் கோடிட்டோ துடைத்தோ எழுத்தை மறைத்தல் என்பது அதன் பழம்பொருள். ஆகவே அஃது அடையாளத்தையும் நினைவையும் இல்லாமற் செய்தலுக்கு உரியது. 'எக்ஸ்டர்பேட்' அடிமரத்தோடு பெயர்த்தெறிதலையும், 'இராடிகேட்' வேரோடு பிடுங்குதலையும் குறிப்பன. இரண்டும் உழவர் தந்த சொற்கள். 'அனைஹிலேட்' என்பதில் இன்மை எனப் பொருள்படும் 'நிஹில்' உள்ளது. இருந்த ஒன்றை இன்மையாக்குதல் என்பது அதன் பொருளாதலின், அதற்கு மேற்பட்ட அழிவுச் சொல் இருத்தற்கில்லை.

அளவினைத் துல்லியமாகக் கூறிய சொல் 'டெசிமேட்' என்பது. இலத்தீனில் 'டெசெம்' என்பது பத்து. போர்க்களத்தில் கோழைத்தனம் காட்டிய படைப்பிரிவுக்கு ரோமானியர் விதித்த தண்டனை முறையொன்றை இச்சொல் சுட்டும். குற்றம் புரிந்த பிரிவினரிடையே சீட்டெடுக்கப்படும். பத்தில் ஒருவன் என்னும் அளவில் சீட்டு விழுந்தவர்கள் தம் தோழர்களாலேயே அடித்துக் கொல்லப்படுவர். பிழைத்தவர்க்குக் கோதுமைக்கு மாறாக வாற்கோதுமையே உணவாகும். பாசறைக்குப் புறத்தே தங்குமாறும் அவர்கள் பணிக்கப்படுவர். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் போலிபியஸ் இதனை விளக்கியுள்ளார். நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த இத்தண்டனையை, கி.மு. 71-ஆம் ஆண்டில் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த போரின்போது கிராசஸ் என்னும் தளபதி மீண்டும் நடைமுறைப்படுத்தினான். 1655-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கிராம்வெல்லின் ஆட்சி, மன்னர் கட்சியைச் சார்ந்த செல்வரின் வருவாயில் பத்தில் ஒரு பங்கை வரியாகப் பெற்றபோது, அவ்வரியும் இச்சொல்லின் பெயராலேயே வழங்கப்பட்டது. பத்தில் ஒன்று என்னும் கணக்கு அதுவரை வழுவாது நின்றமை இதனால் அறியப்படும்.

பின்னர்க் கணக்கு தவறிற்று. பெரும்பகுதியை அழித்தல் என்னும் பொருளில் இச்சொல் இன்று பரவலாக வழங்குகின்றது. பத்தில் ஒன்று போய்ப் பத்தில் ஒன்பதும் ஆயிற்று. சொற்பொருள் மாறுதல் மொழியின் இயற்கை. அதனைக் குற்றம் கூறிப் பயனில்லை. ஆயின், தன் தோழனைத் தானே அடித்துக் கொல்லுமாறு ஆணையிடப்பட்ட வீரனின் துன்பத்தை இன்றைய வழக்கில் எவரும் உணர இயலாது என்பதும் உண்மையே.

இவை அனைத்தினும் அச்சமூட்டும் மாற்றம் பெற்ற சொல் 'எக்ஸ்டெர்மினேட்' ஆகும். 'டெர்மினுஸ்' என்றால் எல்லை. எல்லைக்கு அப்பால் துரத்துதல், அதாவது நாடு கடத்துதல் என்பதே இச்சொல்லின் முதற்பொருள். துரத்தப்பட்டவன் வேற்று நிலத்தில் உயிரோடு வாழ்ந்திருப்பான். காலப்போக்கில் துரத்துதல் என்னும் பொருள் மறைந்து, எஞ்சாது கொல்லுதல் என்னும் பொருள் நிலைத்தது. எலி, மூட்டைப்பூச்சி முதலியவற்றைக் கூண்டோடு ஒழிப்பதற்கும் இச்சொல்லே வழங்கலாயிற்று. மக்களைப் பூச்சிகளாகப் பேசும் கூட்டத்தார் கையில் இத்தகைய சொல் என்ன ஆகும் என்பதை 20-ஆம் நூற்றாண்டு கண்டது. ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் மக்களைக் கொல்லப் பயன்படுத்திய 'சைக்லோன் பி' என்னும் நச்சுப்பொருள், முன்னர்ப் பூச்சிகளை ஒழிக்க விற்கப்பட்டதே ஆகும்.

ஓர் இனத்தின் பெயர் பழிச்சொல்லானது

அழித்தவரின் பெயரைத் தாங்கி நிற்கும் சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. பொதுச் சொத்தையும் கலைப்பொருளையும் காரணமின்றிச் சிதைத்தலை 'வேண்டலிசம்' என்பர். வேண்டலர் என்போர் ஜெர்மானிய இனத்தார். 439-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைக் கைப்பற்றி அரசமைத்தனர். 455-ஆம் ஆண்டில் கெய்சரிக் என்னும் தம் மன்னன் தலைமையில் ரோமாபுரியுள் புகுந்து பதினான்கு நாள் கொள்ளையிட்டனர். போப்பாண்டவர் முதலாம் லியோ அவனை எதிர்சென்று வேண்டியதன் பயனாக, நகரைக் கொளுத்துதலும் மக்களைக் கொன்று குவித்தலும் பெருமளவு தவிர்க்கப்பட்டன எனப் பழங்குறிப்புக் கூறும்.

அவர்தம் பெயர் பழிச்சொல்லானது மிகப் பிற்காலத்தில்தான். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசர்களின் நினைவுச்சின்னங்கள் பல சிதைக்கப்பட்டன. 1793-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் நோட்ரடாம் பேராலய முகப்பிலிருந்த கற்சிலைகள் பிரெஞ்சு மன்னர்களுடையவை எனத் தவறாகக் கருதப்பட்டுத் தலை துணிக்கப்பட்டன. உண்மையில் அவை விவிலியம் கூறும் யூதேய மன்னர்களின் சிலைகள். அத்தலைகளுள் இருபத்தொன்று 1977-ஆம் ஆண்டில் அந்நகரிலேயே மண்ணுக்கடியில் கண்டெடுக்கப்பட்டன. இத்தகைய செயல்களைக் கண்டு வருந்திய ஆன்றி கிரெகுவார் என்னும் ஆயர், புரட்சி மன்றத்தின் உறுப்பினராக இருந்து 1794-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கைகளில் இச்சொல்லைப் படைத்து வழங்கினார். அச்செயலை ஒழிக்கும் பொருட்டே அச்சொல்லைப் படைத்ததாக அவர் பின்னர் எழுதினார்.

நோக்கம் உயரியது, ஆயின் சொல் நடுநிலை பிறழ்ந்தது. கி.மு. 146-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரைத் தீக்கிரையாக்கி, எஞ்சிய மக்களை அடிமைகளாக விற்றவர் ரோமானியர். அவர் பெயரால் அழிவுச்சொல் எதுவும் பிறக்கவில்லை. சிலைகளைச் சிதைத்த பிரெஞ்சுக்காரர் பெயரும் தப்பிற்று. தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்காத வேண்டலரின் பெயரே பழி சுமந்தது. அழித்தவரைச் சுட்டும் சொல்லும், சுட்டுவோரின் கையிலுள்ள எழுதுகோலைப் பொறுத்தது என்பதை இது காட்டும்.

மூடி மறைக்கும் சொற்கள்

20-ஆம் நூற்றாண்டில் அழிவின் ஆற்றல் பெருகியது. அதனை மறைக்கும் சொற்களும் பெருகின. கடன் தீர்த்துக் கணக்கு முடித்தலைக் குறித்த 'லிக்விடேட்' என்னும் வணிகச்சொல், சோவியத் ஆட்சியின் ரஷ்ய வழக்கைப் பின்பற்றி, எதிரிகளைக் கொன்றொழித்தலைக் குறிக்கலாயிற்று. 1940-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் இரவில் ஜெர்மானிய வானூர்திகள் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரைக் குண்டு வீசித் தகர்த்தன. பழம்பெரும் பேராலயமும் எரிந்து வெறுஞ்சுவரானது. ஜெர்மானியப் பிரசாரகர் அந்நகரின் பெயரையே வினைச்சொல்லாக்கி, பிற நகர்களையும் அவ்வாறே தகர்ப்போம் எனச் செருக்குடன் பேசினர். அழிக்கப்பட்டவரின் பெயரை அழித்தவரே சொல்லாக்கிய கொடுமை இது.

1946-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆர்வெல் அரசியலும் ஆங்கில மொழியும் குறித்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், காப்பற்ற சிற்றூர்களைக் குண்டுவீசி அழித்து, அதற்கு 'அமைதிப்படுத்துதல்' எனப் பெயரிடும் வழக்கத்தைக் கண்டித்தார். வியட்நாம் போரில் அதே சொல் மீண்டும் அரசின் அறிக்கைகளில் இடம்பெற்றது. குண்டுவீச்சில் மடியும் பொதுமக்களைப் 'பக்கவாட்டுச் சேதம்' என்னும் பொருள்படச் சுட்டும் வழக்கும் பின்னர் உலகெங்கும் பரவிற்று. மாண்டவர் மக்கள் என்பதையே சொல்லாது விடும் வழக்கு அது.

பெயரற்ற குற்றமும் புதிய சொல்லும்

இத்தகைய காலத்தில்தான் ஒருவர் எதிர்த்திசையில் முயன்றார். மறைக்கும் சொற்களுக்கிடையே வெளிப்படுத்தும் சொல் ஒன்றைத் தேடியவர் ரபேல் லெம்கின். 1900-ஆம் ஆண்டில், இன்று பெலரூஸ் நாட்டிலுள்ள ஒரு சிற்றூர்ப் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், மொழியியலில் நாட்டம் கொண்டு பின்னர்ச் சட்டம் பயின்றவர். ஒரு மனிதனைக் கொன்றவன் குற்றவாளியாக நிற்க, ஓர் இனத்தையே கொன்ற ஆட்சியாளர் தண்டனையின்றித் திரிவது எவ்வாறு முறையாகும் என்னும் வினா அவரை இளமையிலேயே வருத்தியது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஆர்மீனியர்க்கு நேர்ந்த கதியே அவ்வினாவிற்கு அடிப்படை.

1933-ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் நடைபெற்ற சட்ட அறிஞர் மாநாட்டிற்கு அவர் ஒரு முன்மொழிவை விடுத்தார். ஓர் இனத்து மக்களைத் தாக்குதலை 'பார்பாரிட்டி' என்றும், அவ்வினத்தின் கலைச்செல்வங்களை அழித்தலை 'வேண்டலிசம்' என்றும் பெயரிட்டு, இரண்டையும் அனைத்துலகக் குற்றங்களாக ஆக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். அஃது ஏற்கப்படவில்லை. ஆறு ஆண்டுகளில் போர் மூண்டது. 1941-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள் வானொலியில் உரையாற்றிய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், ஜெர்மானியப் படையினர் ரஷ்யாவில் நிகழ்த்தும் படுகொலைகளைப் பெயரே இல்லாத குற்றம் என வருணித்தார்.

அக்குற்றத்திற்குப் பெயரிட்டவர் லெம்கின். அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்திருந்த அவர், 1944-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், இனம் எனப் பொருள்படும் 'கெனோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லோடு, கொலை எனப் பொருள்படும் இலத்தீன் ஈற்றைச் சேர்த்து 'ஜெனோசைட்' என்னும் சொல்லைப் படைத்தார். போர் முடிந்தபின், தம் உறவினருள் நாற்பத்தொன்பது பேர் மாண்டதை அவர் அறிந்தார். 1945-ஆம் ஆண்டு நூரம்பர்க் நீதிமன்றக் குற்றச்சாட்டில் அவர் படைத்த சொல் இடம்பெற்றது; 1946-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலோ இடம்பெறவில்லை. அவர் சோர்ந்திலர். இந்தியா, கியூபா, பனாமா ஆகிய மூன்று நாடுகள் முன்மொழிய, ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவை 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் அச்செயலை அனைத்துலகக் குற்றமென அறிவித்தது. 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அதற்கான உடன்படிக்கை நிறைவேறிற்று. மலேசியா 1994-ஆம் ஆண்டிலும் சிங்கப்பூர் 1995-ஆம் ஆண்டிலும் அவ்வுடன்படிக்கையில் இணைந்தன.

அவ்வுடன்படிக்கையின் சொல்லாட்சி ஊன்றி நோக்கற்பாலது. ஒரு தேசிய, குல, இன அல்லது சமயக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்குடன் செய்யும் செயல்களை அது வரையறுக்கின்றது. யார் என்பதற்கு நோக்குடன் செய்தவர் என்றும், எதை என்பதற்குக் குழு என்றும், எவ்வளவு என்பதற்கு முழுமையாகவோ பகுதியாகவோ என்றும் அதில் விடையுண்டு. நூற்றாண்டுக் கணக்கில் அழிவுச் சொற்கள் நழுவவிட்ட மூன்று விடைகளையும் ஒரே சொல்லின் வரையறை மீட்டுத் தந்தது. எனினும், கலைச்செல்வங்களை அழித்தலும் இதில் அடங்க வேண்டும் என்னும் லெம்கினின் விருப்பம் நிறைவேறவில்லை. அப்பகுதி விவாதத்தின்போதே நீக்கப்பட்டது. அவர் 1959-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் காலமானார்.

சொல் சட்டமாகிச் செயற்படப் பன்னெடுங்காலம் ஆயிற்று. 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், ருவாண்டாவிற்கான அனைத்துலக நீதிமன்றம் முதன்முறையாக ஒருவரை இக்குற்றத்திற்காகத் தண்டனைக்குரியவர் எனத் தீர்ப்பளித்தது. 2012-ஆம் ஆண்டில் மாலி நாட்டின் டிம்பக்டு நகரிலிருந்த பழம்பெரும் சமாதிக் கட்டடங்கள் தகர்க்கப்பட்டதற்காக, அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் ஒருவருக்கு ஒன்பதாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அத்தீர்ப்பு வேறு சட்டப்பிரிவின்கீழ் அமைந்ததாயினும், மாட்ரிட் மாநாட்டிற்கு லெம்கின் விடுத்த இரண்டாம் வேண்டுகோள் எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஓரளவு செவிசாய்க்கப்பட்டது எனலாம்.

தமிழாக்குவோர் கடமை

மேற்கூறிய சொற்களைத் தமிழில் தருவோர்க்குப் பஞ்சமில்லாச் சொல்வளம் கையில் உள்ளது. கட்டடமாயின் இடித்தல், பாறையாயின் தகர்த்தல், வடிவமாயின் சிதைத்தல், ஒழுங்காயின் குலைத்தல், எழுத்தாயின் துடைத்தழித்தல். வேரறுத்தல், தரைமட்டமாக்கல், சூறையாடல், பாழாக்கல் ஆகியவை ஆங்கிலச் சொற்களுக்கு ஏறக்குறைய இணையாக நிற்பவை. 'வேஸ்ட்' என்பதன் வேர்ப்பொருளாகிய வெறுமை, தமிழின் 'பாழ்' என்னும் சொல்லிலும் உள்ளமை இன்பம் தருவது. 'ஜெனோசைட்' என்பதற்கு 'இனப்படுகொலை' என்னும் சொல் பரவலாக வழங்குகின்றது. ஆயின், உடன்படிக்கை குறிப்பிடும் ஐந்து செயல்களுள் கொலை ஒன்றே. உடலுக்கும் உள்ளத்துக்கும் கடுந்தீங்கு இழைத்தல், வாழ இயலாத நிலைமைகளைச் சுமத்துதல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பிரித்து வேறு குழுவிடம் சேர்த்தல் ஆகிய நான்கும் அதில் அடங்கும். ஆதலின் 'இனவழிப்பு' என்னும் சொல் பொருளை முழுமையாகத் தழுவி நிற்பதை அறிஞர் எண்ணிப் பார்த்தல் தகும்.

எல்லாவற்றினும் முதன்மையான வேறுபாடு ஒன்று தமிழ் இலக்கணத்திலேயே அமைந்துள்ளது. அழிந்தது என்பது தன்வினை; அழித்தனர் என்பது பிறவினை. ஒரு வல்லெழுத்து மிகுவதில் அழித்தவர் தோன்றுகின்றனர். அஃது இல்லாதபோது மறைகின்றனர். நூலகம் ஒன்று எரிந்தது என எழுதுவதற்கும் எரித்தனர் என எழுதுவதற்கும் இடையே நிற்பது அவ்வெழுத்தே. யார்க்ஷயரின் பாழ்நிலத்தைக் கணக்கெழுதியோர் முதல், மடங்களின் வீழ்ச்சியை வியந்தோர் வரை, ஆங்கில வரலாற்றில் பலர் தன்வினையிலேயே எழுதிச் சென்றனர். பிறவினையில் எழுத வேண்டிய இடத்தை அறிந்து எழுதுவதே வரலாறு எழுதுவோன் மாண்டவர்க்கு ஆற்றும் முதற்கடமையாகும்.